மஸ்கெலியாவிலிருந்து ஒரு நாடகப் பிரதியை அனுப்பியபோது

புதிதாக நாடகமும் திரைக்கதையும் எழுதுகிறவர்களுக்காகக் கொழும்பில் நடந்த பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். தெரிவாகி, பிரதியை எழுதி முடித்து, நடிகர்கள் அதை வாசிக்க உட்கார்ந்து கேட்டும் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் "எப்படி மிஸ் அப்ளை பண்ணினீங்க?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, நடந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். அத்தை இன்னும் மலைக்குப் போகிறார். நான் பாடசாலையில் தமிழும் நாடகமும் படிப்பிக்கிறேன். எங்களில் பலருக்கு நாடகம் எழுதப் பழக்கியது பாடசாலைகளுக்கான தமிழ்மொழித் தினப் போட்டிதான். கோட்டம், வலயம், மாகாணம் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவோம். நேரத்துக்குள் முடிக்க வேண்டும், நடுவர்களுக்குக் கருத்து விளங்க வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வசனமாவது இருக்க வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நாடகத்தை எழுத உட்காரும்போது அந்தப் பழக்கம் காலைப் பிடித்து இழுக்கும். பாத்திரங்கள் எல்லாம் மேடைப் பேச்சாளர்களாகிவிடுவார்கள்.

இன்னொரு பள்ளிக்கூடமும் எங்களுக்கு உண்டு. மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் தோட்டமே நாடக மேடையாகிவிடும். ரதியும் மன்மதனும் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களுக்கே வருவார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடும். பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் அப்படித்தான். இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கூட்டத்தின் நடுவில் கதை நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாளில் கொண்டுவருவதில்தான் உதவி தேவைப்படுகிறது.

என் நாடகம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கிறது. ஒரே இடம், ஒரே பின்னேரம். குறித்த கிலோ வராததால் ஒரு பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் நடுவில் ஒரு வீட்டின் இரவுச் சாப்பாடு இருக்கிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

அறிவித்தல் மூன்று மொழியிலும் வந்தது. படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அறிவித்தலைத் தமிழில் போட முடிந்தவர்களுக்குப் படிவத்தையும் தமிழில் போடுவது பெரிய வேலையில்லை. இதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். கேட்டவை இவை: கதை ஒரே வாக்கியத்தில், பிறகு ஒரு பக்கத்தில், பிரதியிலிருந்து மாதிரிப் பக்கங்கள், எழுதுபவரைப் பற்றி ஒரு குறிப்பு, இந்த நாடகத்தை ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கடிதம். எந்த நாட்டுத் திட்டத்தை எடுத்தாலும் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்பார்கள். அதனால் ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப உதவும்.

அந்த ஒரு வாக்கியம்தான் உயிரை எடுத்தது. "மலையக மக்களின் துயரத்தைச் சொல்லும் நாடகம்" என்று எழுதினால் அது எதையும் சொல்வதில்லை. யார், அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றும் அதற்குள் வர வேண்டும். கடைசியில் இப்படி எழுதினேன்: "மகளின் பரீட்சைக் கட்டணத்தை மறுநாள் கட்ட வேண்டிய ஒரு கொழுந்து பறிக்கும் பெண், தனக்குப் போட்ட அரைப்பேரை முழுப்பேராக மாற்றாமல் தராசை விட்டு நகர மறுக்கிறாள்." இதை எழுதிய பிறகு பிரதியில் எந்தக் காட்சி தேவையில்லாதது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அனுப்புவதற்கு முன் செய்த ஒரு காரியம்தான் பிரதியைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன். அதை வீட்டில் சத்தமாக வாசிக்க வைத்தேன். அத்தை, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா, உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்தார்கள். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் அவருடைய வசனத்தை ஒரு பிள்ளை காதில் சொல்ல, அத்தை திருப்பிச் சொன்னார். நிறுக்கும் காட்சியில் அந்தப் பெண் கணக்கப்பிள்ளையைப் பார்த்து நீளமாக ஒரு நியாயம் பேசுவாள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அத்தை பாதியிலேயே நிறுத்திவிட்டார். "அந்த எடத்துல யாரு புள்ள இவ்வளவு பேசுவா? முள்ளத்தான் பாப்போம். முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டு, கூடைக்காக எவ்வளவு கழிக்கிறான்னு மனசுக்குள்ள கணக்குப் போடுவோம். பின்னால நிக்கிறவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லுவோம்."

அந்த நீளப் பேச்சை எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் காட்சியில் அவள் தராசைப் பார்க்கிறாள். கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்கிறார். அவள் வேறோர் எண்ணைச் சொல்கிறாள். அவர் திரும்பச் சொல்கிறார். அவளும் திரும்பச் சொல்கிறாள். கொழும்பில் நடிகர்கள் வாசித்தபோது அறை முழுவதும் அசையாமல் கேட்டது அந்த இடத்தைத்தான். பட்டறை நடத்தியவர் அந்தப் பக்கத்தை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். அதை எழுதியது பாதி அத்தை என்று அங்கேயே சொன்னேன்.

தட்டச்சில் ஒரு பிரச்சினை வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நம் நகரங்களில் கொமியூனிகேசன் கடைகளில் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பார்கள். அதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால், பாமினி இல்லாத கணினியில் திறப்பவருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுவதும் வாசியுங்கள், புள்ளிகளும் கொம்புகளும் இடம் மாறியிருக்கும். எழுத்துரு பதிந்த பீ.டி.எஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது. திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு, ஆங்கிலத்தில் கூரியர் 12 எழுத்துருவை வைத்து வந்தது. தமிழில் சொற்கள் நீளம், எழுத்துருவும் வேறு. பக்கத்தை எண்ணாமல் வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

மாதிரிப் பக்கங்களை ஆங்கிலத்திலும் கேட்டார்கள். என்னோடு படிப்பிக்கும் ஆங்கில ஆசிரியை ஒருவர் மொழிபெயர்த்துத் தந்தார். நட்புக்காகச் செய்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டோம்: மூலம் என்னுடையது, மொழிபெயர்ப்பு அவருடையது, எங்கே பயன்படுத்தினாலும் அவருடைய பெயர் வரும், பணம் வந்தால் இப்படிப் பிரிப்போம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, நாடகப் பிரதி எழுதப்பட்டதுமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். மொழிபெயர்ப்புக்கும் தனியாகப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வாயால் சொன்ன யோசனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கதையைத் தேநீர்க் கடையில் சொல்வதற்கு முன் தாளில் எழுதிவிடுங்கள், தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவையுங்கள்.

நேர்முகம் சூமில் நடந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் நிற்காது, கோயிலடிக்கு ஏறிப்போய்ப் பேசினேன். கேட்ட கேள்விகளில் ஒன்றுதான் உருப்படியானது: "இதை யார் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள்?" தோட்டத்து ஆட்கள் முதலில் பார்க்க வேண்டும், கொழும்பு பிறகு பார்க்கட்டும் என்றேன். அதை வைத்துத்தான் என்னைத் தெரிவு செய்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பட்டறையில் மிகவும் போராடியது எங்கள் பேச்சு வழக்குக்காகத்தான். நடிகர்கள் நல்லவர்கள், திறமையானவர்கள். ஆனால் தோட்டத்துத் தமிழ் என்றதும் சிலருக்கு இந்தியப் படத்தில் வரும் கிராமத்துக் குரல் வந்துவிடுகிறது. இழுத்து, சிரிப்பு வரும்படி பேசுகிறார்கள். எங்கள் ஆட்கள் அப்படிப் பேசுவதில்லை. அத்தையின் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வாசிப்பில் மாறியது. பிரதியை ஒப்படைத்ததோடு எழுதியவரின் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வாசிப்பு அறையில் உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.

பயணச் செலவும் தங்குமிடமும் தந்தார்கள். எனக்குப் பாடசாலை விடுமுறையில் வந்ததால் சரி. நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவருக்கு இது போதாது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. மலையகத்திலிருந்து எழுத்தாளர்கள் வேண்டும் என்று உண்மையாக விரும்பும் எந்தத் திட்டமும், இழக்கும் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான் திரும்பத் திரும்ப வருவோம். அத்தையைப் போன்றவர்கள் வரவே மாட்டார்கள்.

வேறு வாசல்களையும் தேடிப் பார்த்தேன். முதலில் பார்க்க வேண்டியது யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதி. பிரித்தானியாவின் புரன்ட்வூட் நாடகப் பரிசு 2005இல் தொடங்கியது. பெயரை மறைத்துப் புனைபெயரில்தான் பிரதியை வாங்குவார்கள். நம் நாட்டுப் போட்டிகளிலும் இந்த முறை வந்தால், யாருடைய மாணவர், எந்தப் பாடசாலை என்ற பேச்சே எழாது. ஆனால் புரன்ட்வூட் பரிசு அங்கே வசிப்பவர்களுக்கானது. பீ.பீ.சி. உலக சேவையும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து 1989 முதல் நடத்திவந்த சர்வதேச வானொலி நாடகப் போட்டி, பிரித்தானியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்டவர்களுக்குத் தனிப் பிரிவும் இருந்தது. 53 நிமிடம், ஆறு முக்கியப் பாத்திரங்களுக்கு மேல் வேண்டாம் என்ற அதன் விதிகளை வைத்து என் கதையை ஒலி நாடகமாக எழுதிப் பார்த்தேன். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த நாட்டில் இது நல்ல பயிற்சி. உள்ளூரில் மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் நிறுவிய கிரேஷியன் விருதுக்கு நாடகப் பிரதியையும் அச்சேறாத நிலையில் அனுப்பலாம், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். திரைக்கதைக்காரர்கள் ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதியைப் பாருங்கள். ஆசியாவிலிருந்து வரும் திரைக்கதைகளின் வளர்ச்சிக்கும் உதவுகிறது.

தமிழிலேயே அனுப்பக்கூடியது கொமன்வெல்த் சிறுகதைப் பரிசு. நாடகத்துக்கானதில்லை, ஆனாலும் நாடகக் கதையைச் சிறுகதையாக எழுதி அனுப்ப யாரும் தடுக்கவில்லை. 2,000 முதல் 5,000 சொற்கள், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டணம் இல்லை.

மேடையேற்றம் தனிக் கதை. பொதுமக்கள் முன்னால் நாடகம் போடுவதற்கு முன், பிரதியைக் கொழும்பில் உள்ள பொது அரங்கேற்ற அனுமதிச் சபைக்குக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை இது. மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் முகம் காட்டி வைத்தால் அரச நாடக விழா, இலக்கியப் போட்டி அறிவித்தல்கள் காலத்தோடு கைக்கு வரும். எங்கள் பகுதி உத்தியோகத்தர் படிவம் நிரப்பவும் கூட உட்கார்ந்தார். பராக்கிரம நிரியெல்ல போன்றவர்கள் தொடங்கிய ஜனகரளிய, தமிழில் மக்கள் களரி, சிங்கள தமிழ் நடிகர்களை ஒரே குழுவில் வைத்துக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனது. அப்படி ஒரு குழு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில் கூடாரம் அடித்து என் நாடகத்தைப் போட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது நாங்கள் சிலர் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் ஹட்டனில் கூடி ஒருவர் பிரதியை மற்றவர்கள் வாசிக்கிறோம். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்பது ஒரே விதி. அடுத்த முறை பொகவந்தலாவைத் தம்பி ஒருவர் எழுதிய குறும்படத் திரைக்கதை. அதில் வரும் பாட்டி பாத்திரத்தை வாசிக்க அத்தை வருகிறார். போயா ஆனதால் அவருக்குப் பேர் விழாது என்ற கவலையும் இல்லை.