"வேலையை விட்டுட்டு வரலாமா சார்?"

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று. இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் உறுத்துகிறது.

டிவி காமெடி நிகழ்ச்சிக்குப் புது முகம் தேடுகிறவன் நான். ஆடிஷன் முடிந்து, மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றார். "சார், வேலையை விட்டுட்டு வரலாமா?" திண்டுக்கல்லில் செல்போன் கடையில் வேலை, வீட்டில் கைக்குழந்தை. நான் சொன்னேன்: "உங்ககிட்ட டைமிங் இருக்கு. வடிவேல் பாலாஜியும் உங்க பக்கத்து மதுரைக்காரர்தானே? தைரியமா வாங்க."

டிவி காமெடியில் பேர் வாங்கிய பாலாஜியின் பெயர் தானாகத்தான் வாயில் வந்தது. விஜய் டிவி 'அது இது எது'வின் 'சிரிச்சா போச்சு' சுற்றில் விருந்தினர்கள் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தோற்றார்கள். பாலாஜி சேலை கட்டிக்கொண்டு உள்ளே வருவார். வசனமே ஆரம்பித்திருக்காது. ஒரு நடை, கழுத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் உடைந்துவிடுவார். வடிவேலு குரலில் பேசுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்த உடம்பையும் சேர்த்துக் கொண்டுவந்தவர் அவர். எங்களிடம் வருகிற பையன்களில் பலர் அவரைப் பார்த்துக் கிளம்பியவர்கள். மற்றவர்கள், 'கலக்கப் போவது யாரு' மேடையிலிருந்து 2012-ல் 'மெரினா' படத்துக்குப் போன சிவகார்த்திகேயனைப் பார்த்து.

ஆனால் டிவி பேமென்ட்டை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. டிவியால் முகம் தெரியும். அந்த முகத்துக்குப் பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா, நடுவில் கல்லூரி விழா என்று வெளி நிகழ்ச்சிகள் வரும். வருஷத்துச் சாப்பாடு அதில்தான். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதும் உண்மையில் இதைத்தான். நான் திறமையைப் பற்றிப் பேசினேன்.

வந்தார், நன்றாகவே செய்தார். திருவிழாக்களுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அழகர் வைகையில் இறங்காத சித்திரை அது. கொடுத்த அட்வான்ஸைக் கமிட்டிக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். தப்பு சொல்ல முடியாது, அவர்களுக்கும் வசூல் இல்லை. அந்த செப்டம்பர் 10-ஆம் தேதி பாலாஜி இறந்தார். 45 வயது. சாயங்காலம் இவர் போன் செய்தார். "அவருக்கே இப்படின்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "ஷூட்டிங் எப்ப சார் இருக்கும்?" என்று கேட்டார்.

பாலாஜி உடம்பு முடியாமல் போனார், அதையும் இதையும் முடிச்சுப் போடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். நான் வேண்டாம் என்றாலும் இவர் வந்திருப்பார் என்றும் தோன்றும். மேக்கப்பைத் துடைக்காமல் நின்ற ஆள் அவர். ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் புது முகம் பிடித்துத் தருவதுதான் என் வேலை. "தைரியமா வாங்க" என்றது அவர் மேல் இருந்த பிரியமா, அந்த வேலையா? இரண்டும்தான் என்று சொல்லிப் பார்க்கிறேன், மனசு ஒப்பவில்லை.

இப்போது அவர் ஊரிலேயே இருக்கிறார். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று மைக் பிடிக்கிறார். வேலையை விட்டு வந்தது தப்பா என்று ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். "அந்த ரெண்டு சீசன் இல்லன்னா என்னை யாரு சார் கூப்பிடுவா?" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் மனைவியிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

சமீபத்தில் இன்னொரு பையன் அதே கேள்வியோடு வந்தான். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன்: ஒரு எபிசோடுக்கு எவ்வளவு, அது கைக்கு வர எத்தனை மாதம், திருவிழா இல்லாத மாதங்களில் எப்படிக் காயும், வேலையை விடாமல் லீவில் வந்து போக முடியுமா பார் என்பது வரை. பொறுமையாகக் கேட்டான். "அதெல்லாம் சரி சார். எனக்கு டேலண்ட் இருக்கா, சொல்லுங்க" என்றான்.

இருக்கு என்றேன். இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஷெட்யூல் லிஸ்டில் அவன் பெயரை நான்தான் எழுதினேன். வேலையை விட்டானா என்று இன்னும் கேட்கவில்லை.