வார்டோவில் சித்தப்பா

அம்மா மறுமணம் செய்தவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. என் அப்பாவின் திவசம் வந்தால் வாழையிலைக்கும் மரக்கறிக்கும் ஒஸ்லோவுக்குப் போன் போட்டு ஒழுங்கு செய்பவரும் அவர்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் நானும் அவரிடம் வந்து சேர்ந்த இடம் வார்டோ. நோர்வேயின் வடகிழக்கு நுனியில், கடலடிச் சுரங்கப் பாதையால் கரையோடு இணைந்த தீவு. மீன் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. நவம்பர் கடைசியில் சூரியன் மறைந்தால், ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்ப வரும். நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

“இருட்டு எண்டு வீட்டுக்குள்ள கிடக்காத பிள்ளை” என்பார். காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் கட்டாயம். நான் வெளியே போகுமுன் ஜாக்கெட்டில் ஒளி தெறிக்கும் பட்டி தொங்குகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அது இல்லாமல் இருட்டில் நடப்பவர், கார் 25, 30 மீட்டர் கிட்ட வந்த பிறகுதான் ஓட்டுபவர் கண்ணில் படுவார்; இருந்தால் 140 மீட்டரிலேயே தெரிவார். இப்படிக் காரணம் சொல்லாமல் எதையும் அவர் செய்யச் சொன்னதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

பனி உருகியதும் டுக்னாட் வரும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து முற்றமும் பாதையும் துப்புரவு செய்வார்கள், நம்மூர்ச் சிரமதானம் மாதிரி. இரவு வேலை முடித்து வந்தாலும் சித்தப்பா போவார், என்னையும் கூட்டிக்கொண்டு. வாளி, கயிறு, ஆணி என்று கையில் எடுத்ததன் பெயரைக் கேட்டுக் கேட்டே அவர் நோர்வே மொழி பழகியவர். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கக் கூசிய எனக்கும், பக்கத்து வீட்டுக் கிழவரோடு வேலி அடித்தபோதுதான் பேச்சு வந்தது. முதியோர் இல்லத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னதும் அந்தக் கிழவர்தான்.

அம்மா வேலையில் சேர்ந்த அன்றே சித்தப்பா விடுமுறைப் பணத்தைப் பற்றி விளக்கினார். இங்கே விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. முந்தைய ஆண்டு உழைத்ததில் குறைந்தது 10.2 சதவீதத்தை அதற்கென்று தருவார்கள், பெரும்பாலும் ஜூனில். அப்படியென்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் கோடையில் ஒன்றும் வராது. அதனால் மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்க வைத்தார். அந்தக் கோடையில் மூவரும் ஒஸ்லோவுக்குப் போய், அம்மா வருடக்கணக்காகக் காணாத தன் தங்கையைக் கண்டது அந்தக் காசில்தான்.