இடப்பக்கம் இழுத்த 800: நூலும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்த்த மூன்று வாரம்

ஐப்பசி அடைமழையில் என் மாருதி 800 மூன்று வாரம் தார்ப்பாயின் கீழ் நின்றது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மழை விட்ட பிறகும் பனிமூட்டம் விடாது. நிற்கிற வண்டியில் இரும்பெல்லாம் வேர்த்துக்கொண்டே இருக்கும். மழை ஓய்ந்த முதல் ஞாயிறு காரமடையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அரவேணு தாண்டி ஒரு குழியில் இடது முன்சக்கரம் நன்றாக இறங்கி ஏறியது. மேட்டுப்பாளையம் வந்து காரமடை ரோட்டில் நேராகப் பிடித்தபோது வண்டி இடப்பக்கம் போனது. திருப்பிப் பிடித்தேன், மறுபடியும் இடப்பக்கம்.

மலையிலேயே இது தெரியாதா என்று அக்கா கேட்டாள். தெரியாது. கோத்தகிரியிலிருந்து இறங்கும் வழியில் ஸ்டியரிங் இரண்டு விநாடி சும்மா இருப்பதே அபூர்வம். எப்போதும் ஒரு வளைவுக்குள் இருப்போம், அல்லது அடுத்ததற்குத் தயாராகிக்கொண்டிருப்போம். சமவெளி வந்த பிறகுதான் கை ஓய்கிறது, அப்போதுதான் வண்டி பேச ஆரம்பிக்கிறது.

குழியில் விழுந்ததால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போய்விட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். கடைக்குப் போகாமல் திரும்பியதற்கு ஒரே காரணம், அன்று ஞாயிறு, கடை இல்லை.

எங்கள் ஊரில் முப்பது வருடம் மலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "பிரேக் புடிச்சா எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். "அதைப் பாக்காம அலைன்மென்ட் கடைக்குப் போயி என்ன பண்ணுவ? கையை விட்டுப் பாக்காத தம்பி. ரெண்டு விரல்ல லேசாப் புடி. எந்த விரலுக்கு பாரம் வருதுன்னு பாரு" என்றார்.

அடுத்த வாரம் அதற்காகவே காரமடை ரோட்டுக்கு அதிகாலையில் போனேன். நோட்டில் எழுதியது இதுதான். ஐம்பது வேகத்தில்: இடது. நியூட்ரலில்: அதே இடது. பிரேக் மெதுவாகப் பிடித்தால்: வலது. கடைசி வரி எனக்குப் புரியவில்லை. ஓடும்போது இடப்பக்கம் போகிற வண்டி பிரேக் பிடித்தால் ஏன் வலப்பக்கம் போக வேண்டும்? இந்த மூன்று வாரக் கதையும் அந்த வரிக்குள்தான் இருந்தது, அன்று எனக்குத் தெரியவில்லை. நியூட்ரல் சோதனை சமதரையில் மட்டும்தான். இறக்கத்தில் யாரும் செய்யாதீர்கள்.

முதலில் காற்று. காலையில், வண்டி நகருமுன் கேஜ் வைத்தேன். வலது முன்சக்கரம் 29 பி.எஸ்.ஐ., இடது 24. காற்று குறைந்த பக்கம் டயர் அதிகம் சப்பி உருளும், வண்டி அந்தப் பக்கம் போகும். இடது வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டதும் கடுகு அளவு குமிழ் ஒன்று மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. வால்வு முள்ளைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. இரண்டு பக்கமும் 29 வைத்தேன். இழுப்பு பாதி குறைந்தது, போகவில்லை.

காற்றைப் பற்றி ஒன்று. கீழே நிரப்பிய காற்று மலை ஏறினால் கூடிவிடும், குறைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் பக்கம் பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1800. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு, இரண்டரை பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் குளிர் கிட்டத்தட்ட மூன்று பி.எஸ்.ஐ.யை இறக்கிவிடும். இரண்டும் கழிந்துபோகும். எப்படியானாலும் மலை இரண்டு டயருக்கும் ஒன்றாகத்தான் செய்யும், ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்யாது.

அடுத்து டயர். ரேடியல் டயரின் உள்பட்டை சற்று ஒரு ஓரமாக அமைந்துவிட்டால் அது கூம்பு மாதிரி உருளும், காற்று சரியாக இருந்தாலும் இழுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, முன்சக்கரம் இரண்டையும் இடம் மாற்றுவது. பக்கவாட்டில் அம்புக்குறி இல்லாத டயராக இருக்க வேண்டும். என்னுடைய 145/70 ஆர்12-இல் இல்லை. மாற்றிய பிறகு இழுப்பு வலப்பக்கம் தாவினால் குற்றம் டயர். தாவவில்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் மலை இறங்கி ஏற முடியாது. அண்ணன்தான் எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தைக் காட்டினார். ஒரே கோட்டில் போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தரைச் சரிவால் போகிறதென்றால் திரும்பி வரும்போது பக்கம் மாறும். வண்டியின் குற்றம் என்றால் எப்படிப் போனாலும் அதே பக்கம். இருபது வேகம் போதுமானதாக இருந்தது. போனாலும் வந்தாலும் இடது.

மூன்றாவது வாரம்தான் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கியரிலேயே இறங்கி, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் குஞ்சப்பனை வந்து நிறுத்தினேன். புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், தொடவில்லை. வலப்பக்கம் இதமான சூடு. இடப்பக்கம் ஒரு சாண் தூரத்திலேயே கை பின்வாங்கியது. கருகிய வாடை லேசாக இருந்தது.

வீட்டில் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன். எங்கள் ஊரில் சமம் என்று நாம் நினைக்கிற தரையும் சமமாக இருக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுதான் டிஸ்க். வலது டிஸ்க்கைக் கையால் சுற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்று ஓடி நின்றது. இடது கால் சுற்றுகூடப் போகவில்லை.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன், பிரேக் ஓஸில் பாரம் விழக் கூடாது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் கட்டைகள்தான் பேடு. உள்பக்கப் பேடில் மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கப் பேடில் ஆறு. அந்த வித்தியாசத்தைப் பார்த்ததுமே அடுத்தது என்னவென்று தெரிந்துவிட்டது. காலிப்பர் இரண்டு கைடு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். மேல்பின் விரலுக்கே வழுக்கியது. கீழ்பின் அசையவில்லை. பிளையரில் பிடித்துத் திருகித் திருகி இழுத்தபோது காப்பித்தூள் நிறத்தில் துருவோடு வந்தது. அதன் ரப்பர் உறையில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். மூன்று வார மழையும் பனியும் அந்தக் கீறல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன. குழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நோட்டில் இருந்த கடைசி வரியும் அப்போது விளங்கியது. கைடு பின் இறுகினால் காலிப்பர் முழுதாக விலகாது. பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும், வண்டி இடப்பக்கம் இழுக்கும். அதே இறுகிய காலிப்பர், பிரேக் மிதிக்கும்போது வெளிப்பேடை முழு பலத்தோடு அழுத்தாது. வலப்பக்கம் நன்றாகப் பிடிக்கும், இடப்பக்கம் குறைவாகப் பிடிக்கும், வண்டி வலப்பக்கம் போகும். இரண்டும் ஒரே நோய்.

பின்னைத் துருப் போகச் சுத்தம் செய்து, புது ரப்பர் உறை போட்டு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிக்கொள்ளும், சில மாதத்தில் மறுபடி இதே கதை. பேடு இரண்டு பக்கமும் புதிது. மாட்டி முடித்து, வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்தேன். புதுப் பேடு மாட்ட, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிக்குப் பிரேக் இருக்காது. எங்கள் வீட்டு வாசலே இறக்கம்.

இழுப்பு நின்றது. ஆனால் நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. அலைன்மென்ட்டின் முறை இப்போதுதான்.

மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருப்பது காஸ்டர். மூன்றும் ஒரே வேலை செய்வதில்லை. முன்சக்கரங்களின் டோ தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஆனால் அது மட்டும் வண்டியை ஒரு பக்கம் இழுப்பது அபூர்வம், ஓடும்போது இரண்டு சக்கரமும் தங்களுக்குள் சமமாகிக்கொள்ளும். இழுப்பு வருவது கேம்பரிலும் காஸ்டரிலும் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தால். 800-இல் அவை இரண்டையும் திருகி மாற்ற வழியில்லை. மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது சக்கரத்தைத் தாங்கும் கையின் (லோயர் ஆர்ம்) ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கடப்பாரை கொடுத்து லோயர் ஆர்ம் புஷ்களை நெம்பிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

அளந்த இடம், தேயிலைக் கொட்டகையின் சிமென்ட் தரை. கொத்தனார் மாமா டியூப் மட்டம் வைத்துப் பார்த்து, இடது பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்வு என்றார். பலகைத் துண்டு வைத்துச் சமன் செய்தோம். முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு இரண்டு டைல்ஸ், வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவில் கிரீஸ். சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்ப அது வேண்டும். ஸ்டியரிங்கை நேராக்கிச் சீட்டோடு கயிற்றால் கட்டினேன். தூக்குக்குண்டை ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து விட்டுக் கீழ் விளிம்புக்கு உள்ள இடைவெளியை அளந்ததில், இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனது. கேம்பரில் குற்றம் இல்லை.

பிறகு வண்டியின் இருபுறமும் சக்கரத்தின் நடு உயரத்தில் நூல் கட்டினோம். முன் அச்சும் பின் அச்சும் ஒரே அகலம் இல்லை, அதனால் நூலை டயரை ஒட்டிக் கட்டக் கூடாது. சக்கர மையத்திலிருந்து நூல் வரை இடதும் வலதும் ஒரே அளவு வருமாறு கட்ட வேண்டும். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. மாமா நூலை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். அந்தப் பொறுமை எனக்கு இல்லை, அவர் இல்லாமல் இந்த அளவு வந்திருக்காது.

ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு அளந்தேன். வலது சக்கரம் கிட்டத்தட்ட நேர். இடது சக்கரம் நான்கு மில்லிமீட்டர் வெளியே பார்த்தது. அடியில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு மரைகளை எண்ணினேன். இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் பதினான்கு. முன்பு யாரோ ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி வேலையை முடித்திருக்கிறார்கள். லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்று திருப்புவது, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி நிறுத்துவது, மறுபடி அளப்பது. ஏழாவது முறை இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் உள்பார்வையில் வந்து நின்றது. மொத்தம் ஒரு மில்லிமீட்டர். என் ரிம்மில் 330 மில்லிமீட்டர் இடைவெளியில் அளப்பதால் அது சுமார் பத்து நிமிடக் கோணம் (அறுபது நிமிடம் ஒரு டிகிரி).

அடுத்த முறை அக்கா வீட்டுக்கு ஞாயிறு வரை காத்திராமல் சனிக்கிழமையே கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் அளக்க மட்டும் சொன்னேன். அவர்கள் கொடுத்த அளவுச் சீட்டில் டோ இடது 5 நிமிடம், வலது 6 நிமிடம். காஸ்டர் வித்தியாசம் கால் டிகிரிக்குள். கடைத் தம்பி திருகுவதற்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். சீட்டைக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் வாசித்துவிட்டு, "அந்த ஒரு நிமிசம் எங்க போச்சு?" என்றார்.

காரமடை ரோட்டில் இடது ஓரமாகப் போனால் இப்போதும் மெல்ல இடப்பக்கம் நகர்கிறது. அது மழைத்தண்ணீர் வடிய ரோட்டுக்குக் கொடுத்த சரிவு. மைதானத்தில் போனாலும் வந்தாலும் நேர். பிரேக் பிடித்தாலும் நேர்.

வலப்பக்கக் காலிப்பரின் ரப்பர் உறைகளும் அதே வயது. ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை பிரிக்கிறேன்.