விளிம்பைப் பார்க்காமல் வாங்கிய 20 மார்க்

ஜெர்மன் பேரரசின் தங்கக் காசுகளை நான் ஆண்டு வரிசையில் வைப்பதில்லை, எழுத்து வரிசையில்தான். பேரரசில் சேர்ந்திருந்த நாடுகளில் பெரியது பிரஷ்யா. பிரஷ்யக் காசு என்றால் மன்னர் தலைக்குக் கீழே பொடியாக ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் பெர்லின், பி ஹனோவர், சி ஃபிராங்க்ஃபர்ட். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கான அடையாளம் அது.

1871 டிசம்பர் சட்டத்தோடு 10, 20 மார்க் காசுகள் வந்தன. ஒரு பக்கம் எல்லோருக்கும் பொதுவான கழுகு. மறுபக்கம் அந்தந்த நாட்டு மன்னர். பிரஷ்யாவுக்கு வில்ஹெல்ம், பவேரியாவுக்கு லுட்விக். மன்னரே இல்லாத ஹாம்பர்க் தன் நகரச் சின்னத்தைப் போட்டுக்கொண்டது.

எனக்குப் பித்து பிடித்தது பி, சி இரண்டின் மேலும்தான். இரண்டு ஊரையும் 1866 போரில் பிரஷ்யா விழுங்கியது. அந்த நாணயச்சாலைகளும் நிலைக்கவில்லை. ஹனோவர் 1878-லும் ஃபிராங்க்ஃபர்ட் 1879-லும் பேரரசுக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டன.

அதனால் 1873-ஆம் ஆண்டு சி எழுத்துக் காசு ஒன்றைப் படத்தில் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். கையில் வந்ததும் தராசில் வைத்தேன். 20 மார்க் 7.965 கிராம் இருக்க வேண்டும், இது 7.91. விற்றவரிடம் கேட்டால், "பழைய காசு, தேயாதா?" என்றார். தேயும்தான். ஆனால் தேய்மானம் முதலில் காதோர முடியிலும் கன்னத்திலும் தெரியும். இதில் வில்ஹெல்மின் கன்ன மீசை இழை இழையாக இருந்தது.

அப்புறம்தான் விளிம்பைத் திருப்பினேன். சுற்றிலும் 'கோட் மிட் உன்ஸ்', அதாவது 'கடவுள் நம்முடன்' என்று இருக்கும். தலைக்கு நேர் மேலே ஓர் எழுத்து பாதி மழுங்கி, அந்த இடம் மட்டும் வெளிறிய நிறத்தில் இருந்தது. யாரோ வளையம் பற்றவைத்துப் பதக்கமாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு அதை எடுத்து அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தட்டார் பொடி வைத்து ஊதிய இடம் அது. விற்றவரும் பொடி வைத்துத்தான் பேசியிருக்கிறார்!

சேகரிப்பவர் கணக்கில் இப்படிப்பட்ட காசுக்கு உலோக விலைதான். திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் நோட்டுக்குத் தங்கம் தருவதை ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்க் நிறுத்திவிட்டது. மக்களிடம் இருந்த தங்கக் காசுகளையும் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். அப்போது இது யாரோ ஒருத்தியின் கழுத்தில் இருந்ததால்தான் தப்பியதோ என்று எனக்கு ஒரு நினைப்பு. சாட்சி எதுவும் கிடையாது, வெறும் ஆசைதான்.

இப்போது ஹெச் தேடிக்கொண்டிருக்கிறேன். டார்ம்ஸ்டாட், அதுவும் 1882 வரைதான். விளிம்பைப் படமெடுத்து அனுப்பாதவர்களுக்குப் பதில் எழுதுவதில்லை.