பாரசீக வாக்கியம்: வினை நம் பக்கம், பெயர் எதிர்ப் பக்கம்

பாரசீக எழுத்துகள் ஓரளவு பிடிபட்டதும் வாக்கியங்களில் இறங்கினேன். வினை கடைசியில் வருகிறது. எழுவாயை விட்டுவிட்டாலும் வினை விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. 'கரீதம்' என்றால் 'வாங்கினேன்', தனியாக 'நான்' வேண்டாம். ஆண்பால், பெண்பால் தொல்லையும் கிடையாது.

'ரா' என்ற உருபைக் கண்டு பலரும் மிரளுகிறார்கள். தமிழருக்கு அந்தக் கவலை வேண்டாம். 'கெதாப் கரீதம்' என்றால் புத்தகம் வாங்கினேன். 'கெதாப் ரா கரீதம்' என்றால் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். கிட்டத்தட்ட நம் 'ஐ'. ஆனால் 'மனிதரைப் பார்த்தேன்' என்பதில் நாம் 'ஐ'யை விட முடியாது. பாரசீகத்தில் யாரோ ஒருவரைப் பார்த்தேன் என்றால் 'ரா' இல்லாமல் 'மர்தி தீதம்' போதும்.

நான் திணறியது பெயர்த்தொடரில்தான். இந்த வாரம் என்னோடு மல்லுக்கட்டிய வாக்கியம் இது:

கெலீதெ தரெ கானெயெ மா ரா கொம் கர்தம்.

சொல்லுக்குச் சொல் வைத்தால்: சாவி, கதவு, வீடு, எங்கள், ஐ, தொலைத்தேன். 'எங்கள் வீட்டுக் கதவின் சாவியை' என்பதை அப்படியே தலைகீழாகப் படித்தது போல. இடையில் ஒட்டும் 'எ' ஒலிக்கு 'எஸாஃபெ' என்று பெயர். 'ரா' சாவியோடு ஒட்டாமல் தொடர் முழுவதும் முடிந்த பிறகு, 'எங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் வந்து நிற்பதுதான் அழகு.

வம்பு என்னவென்றால், இந்த 'எ' பெரும்பாலும் எழுத்தில் வராது. 'கெலீத் தர் கானெ' என்று மூன்று சொற்கள் மட்டும் கண்ணில் பட்டால் வீட்டுக் கதவின் சாவி என்றும் படிக்கலாம், சாவி வீட்டில் என்றும் படிக்கலாம்; கதவுக்கும் 'இல்' என்பதற்கும் ஒரே எழுத்துக்கூட்டல். பின்னால் என்ன வினை வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே இப்போதெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் பார்த்துவிடுகிறேன்.

தெஹ்ரான் பேச்சில் 'ரா' என்பது 'ரோ' ஆகிறது, 'கானெ' என்பது 'கூனெ' ஆகிறது. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்று பிரிந்து கிடப்பது நமக்குப் புதிதா என்ன!

அடுத்து வினை வேர்கள். போவதற்கு இறந்தகாலத்தில் 'ரஃப்த்', நிகழ்காலத்தில் 'ரவ்'. பார்ப்பதற்கு 'தீத்', 'பீன்'. இவற்றுக்கு மனப்பாடம் தவிர வேறு வழி தெரியவில்லை. பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.