ஏசி பைப்பில் குளவிக் கூடு

எங்கள் ஃபிளாட் திருவான்மியூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. இதன் அர்த்தம் மேல் மாடியில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் பாயை விரிக்கும் நேரம் பார்த்துக் கீழே இறக்க ஆரம்பிக்கும். அப்போது ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டையே வீடு முழுக்கச் சுற்றி விநியோகிக்கும், அவ்வளவுதான். ஊட்டிக்காரர்கள் ஹீட்டருக்குக் காசு கொடுக்கிறார்கள், எங்களுக்கு அது கூரையோடு இலவசம்.

அதனால் கத்திரி ஆரம்பித்தால் மொத்தக் குடும்பமும் ஏசி இருக்கும் ஒரே அறைக்குள் வந்துவிடும். கட்டிலில் அப்பா, அம்மா. கீழே நான், மனைவி, நடுவில் உருண்டுகொண்டே இருக்கும் மகன். ரிமோட் அப்பாவின் தலையணைக்கு அடியில். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, தன் கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது போல் சந்தோஷப்பட்டவர் அவர். ஆனால் அந்த 24-ம் அவருக்கு ஆடம்பரம்தான். 27-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுவார். ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் கரண்ட் கிட்டத்தட்ட 6 சதவீதம் மிச்சம் என்று கணக்கு வேறு சொல்வார். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறும் என்பதால், கத்திரி மாதத்தில் தினமும் காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் காபி குடிப்பார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் ஒரு நடுராத்திரி ஏசி சொட்ட ஆரம்பித்தது.

முதலில் பேரன்மேல் சந்தேகப்பட்டார். அது தீர்ந்ததும் விளக்கைப் போட்டுப் பார்த்தால், இன்டோர் யூனிட்டின் முன்பக்க உதட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. கட்டிலை நகர்த்தி, கீழே பக்கெட்டை வைத்து, அதன் டொக் டொக் சத்தத்தில் யாரும் தூங்காமல் விடிந்தது. அதிலும் அப்பா ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை, ஏற்கெனவே ஓடிய கரண்ட் வீணாகிவிடுமாம்.

காலையில் வந்த மெக்கானிக் யூனிட்டின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் போயிருக்கு சார், டாப்-அப் பண்ணணும்" என்றார்.

"எங்கப்பா போச்சு?" என்றார் அப்பா.

"ஓட ஓடத் தீரும் சார்."

அவ்வளவுதான், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஏசிக்குள் இருக்கும் கேஸ் அடுப்பு சிலிண்டர் கேஸ் இல்லை, எரிந்து தீர. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வரும், எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். கடலோரத்தில் உப்புக்காற்று குழாயை அரித்து அப்படி ஓட்டை விழுவதும் உண்டுதான். ஆனால் கேஸ் போனால் அறை சரியாகக் குளிராது, எங்கள் அறையோ நன்றாகக் குளிர்ந்தது, கூடவே நனைந்தது. "ஓட்டை எங்கன்னு காட்டுங்க, காசு தர்றேன்" என்று அப்பா சொன்னதும், மெக்கானிக்குக்கு அவசரமாக வேளச்சேரியிலிருந்து இன்னொரு அழைப்பு வந்துவிட்டது. அம்மா கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவதாக வந்தது ஒரு சின்னப் பையன். மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவிப் பார்த்து, கொஞ்ச நேரம் பேசவில்லை. சாம்பலும் கறுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது. கம்பளி மாதிரி இருந்ததென்று சொல்லலாம், ஆனால் கம்பளியைத் துவைப்போம்.

"வீட்டுல என்னம்மா கொளுத்துறீங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுவத்தி, ராத்திரி கொசுவத்தி என்று பட்டியல் கொடுத்தார். எல்லாம் ஜன்னலை அடைத்துவிட்டு, ஏசி ஓடும் அறையில், "குளிர் வெளியே போயிடும்ல". ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்றுதான் எங்கள் வீட்டில் பாதிப் பேர் நம்பியிருந்தார்கள். அது அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர வைத்து, நமக்கே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவே. ஐந்து பேர் விட்ட மூச்சு, கொசுவத்திப் புகை, அப்பாவின் தைல வாசனை எல்லாம் சேர்ந்து 27 டிகிரியில் சுற்றி வருகின்றன. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று ஓர் ஆய்வில் படித்ததை அப்போதுதான் சொன்னேன். பீடிக்காரர் பக்கத்தில் பஸ்ஸில்கூட உட்கார மாட்டார் அம்மா, அன்றைக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே. போகிப் புகைக்கு ஊரே திட்டுகிறது, அது வருடத்துக்கு ஒரு காலை. நாங்கள் தினமும் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடியிருக்கிறோம்.

ஃபில்டரைக் குழாயடியில் காட்டி அலசியாயிற்று. அதைத் தண்ணீரில் கழுவ மெக்கானிக்கே தேவையில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே செய்யுங்கள் என்றான். ஆனால் சொட்டு நிற்கவில்லை. கடற்கரைக் காற்றின் ஈரமெல்லாம் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டுத் தண்ணீராகும், அது கீழே தட்டில் விழுந்து வடிகால் பைப் வழியாக வெளியே போக வேண்டும். போகவில்லை என்றால் பைப்தான் அடைத்திருக்கிறது. பால்கனிக்குப் போய்ப் பைப்பின் முனையைப் பார்த்தவன், "கண்டுபுடிச்சுட்டேன் சார், குளவி" என்றான்.

முனையை நன்றாக மண் வைத்துப் பூசி, அழகாகக் கூடு கட்டியிருந்தது. பையன் ஸ்குரூ டிரைவரை எடுத்ததுதான் தாமதம், அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, தொட்டுடாதே! குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பொறக்கும்."

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏசியே தேவைப்படவில்லை. "எனக்கு ஒன்னு போதும் அத்தை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அம்மா அசரவில்லை. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்குப் போனைப் போட்டு, "ஏதாவது விசேஷமாடி?" என்றார். அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாளாம், ஸ்பீக்கரில்.

கூட்டைக் கலைக்க அம்மா விடவில்லை, பக்கெட் வைத்துக் காலம் தள்ள அப்பா விடவில்லை. பையன் தலையைச் சொறிந்துவிட்டு, கூட்டுக்கு ஒரு சாண் மேலேயே பைப்பை வெட்டி, ஒரு வளைவுத் துண்டு வைத்து, புதுப் பைப்பைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டான். கூடு இருக்கும் துண்டு கிளாம்பில் அப்படியே சுவரோடு நின்றது. இத்தனை வருடத்தில் குளவிக்காகச் செய்த முதல் பைபாஸ் இதுதான் என்றான். அப்பா அதற்கும் ரசீது கேட்டார்.

அன்று ராத்திரி ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, அப்புறம் ஏசி போட்டோம். கொசுவத்திக்குப் பதில் வலை கட்டினோம், அதற்குள் மகனும் ஒரு கொசுவும் சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள். சொட்டு இல்லை.

மறுநாள் காலை கீழ் வீட்டு மாமி போன். புதுப் பைப் நேராக அவர் வடாம் காயப்போட்டிருந்த துணிமேல் தண்ணீர் விட்டிருக்கிறது. குரலிலேயே சண்டைக்கு வருவது தெரிந்தது. அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அது ஒன்னுமில்லை மாமி, பழைய பைப்புல குளவி கூடு கட்டிடுச்சு, அதான் மாத்தி விட்டோம்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம், "அப்படியா! எத்தனை மாசம்?"