அரைக்கால் அங்குலத்தில் தவறிய ஆயிரம் அட்டைகள்

தபால் நிலையக் கவுன்ட்டரில் இருந்த அம்மா என் விளம்பர அட்டை ஒன்றை எடுத்து அதன் மேல் ஸ்கேலை வைத்தார். "ஆறுக்கு ஒன்பது. இந்தத் திட்டத்தில் இது போகாது" என்றார். பின்னால் வண்டியில் ஆயிரம் அட்டைகள் இருந்தன. நூறு நூறாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். முந்தின இரவு ஒரு மணி வரை நானும் என் கணவரும் உட்கார்ந்து கட்டியவை.

டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில் வீட்டு முன் புல்வெளியில், கம்பியில் செருகிய பெரிய எழுத்துகளால் ஆன வாழ்த்துப் பலகை வைக்கும் சிறு தொழில் செய்கிறேன். 2020இல் விருந்து வைக்க முடியாமல் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது இது இங்கே தெருத்தெருவாகப் பரவியது. பிறந்தநாள், பட்டமளிப்பு, குழந்தை பிறப்பு எதுவானாலும் முதல் நாள் மாலை நட்டு, மறுநாள் மாலை பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். கவுன்டி அலுவலகத்தில் தொழில் பெயரைப் பதிவது, விற்பனை வரி அனுமதி வாங்குவது எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. டெக்சாஸில் பொருளை வாடகைக்கு விட்டாலும் விற்பனை வரி உண்டு. விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இவ்வளவுதான் அந்தப் பகுதி. ஆள் பிடிப்பதில்தான் நான் பட்ட பாடு.

முதலில் துண்டுச்சீட்டு. வீட்டிலேயே அச்செடுத்து, மகனைக் கூட்டிக்கொண்டு நான்கு தெருக்களில் ஒவ்வொரு தபால் பெட்டியாகத் திறந்து போட்டுக்கொண்டே போனேன். மறுநாள் எங்கள் தபால்காரர் கதவைத் தட்டினார். கையில் என் சீட்டுகள் ஒரு கட்டு. தபால் கட்டணம் செலுத்தாத எதையும் அந்தப் பெட்டிக்குள் போடக்கூடாது, அது கூட்டாட்சிச் சட்டம், ஒவ்வொரு சீட்டுக்கும் கட்டணம் வசூலிக்கவும் முடியும் என்று பொறுமையாகச் சொன்னார். பெட்டி வீட்டுக்காரர் காசில் வாங்கியதாக இருந்தாலும் இதே விதிதான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு சட்டத்தை மீறியிருக்கிறேனே என்று அன்று முழுக்க உறுத்தியது. அவர் கோபப்படாமல், வீட்டு முகவரி எழுதாமலே ஒரு தெரு முழுக்க அட்டை அனுப்ப ஒரு திட்டம் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பெயர் எவ்ரி டோர் டைரக்ட் மெயில். தபால்காரர் நடக்கும் பாதையைக் கணினியில் தேர்ந்தெடுத்தால் அதில் எத்தனை வீடுகள் என்று காட்டும். குறைந்தது 200 அட்டை கொடுக்க வேண்டும், ஒரு ஜிப் கோடு பகுதிக்கு ஒரு நாளைக்கு 5,000 வரை கொடுக்கலாம். சாதாரணத் தபாலை விட மிக மலிவு. இதெல்லாம் படித்தேன். அளவைப் படிக்கவில்லை. அட்டையின் உயரம் 6.125 அங்குலத்தைத் தாண்ட வேண்டும், அதாவது ஆறே அரைக்கால். இல்லையென்றால் நீளம் பத்தரையைத் தாண்ட வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம். அச்சகத்தில் "தபால் அட்டைக்கு எல்லோரும் வாங்கும் அளவு" என்று ஆறுக்கு ஒன்பதைக் காட்டினார்கள், நான் தலையாட்டிவிட்டேன். அட்டையில் கையை வைப்பதற்கு முன் எந்தத் திட்டத்தில் அனுப்பப்போகிறீர்கள் என்று அச்சகத்தில் வாய்திறந்து சொல்லுங்கள். ஆறரைக்கு ஒன்பது கேட்டால் கவலையில்லை.

மறுபடி அச்சடித்தேன். இந்த முறை 400 மட்டும். ஐம்பதிலிருந்து நூறு வரை ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டின் மேலும் முகப்புத் தாள், எல்லாம் சரி. வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனால், "இந்தப் பாதையின் தபால்காரர்கள் இங்கிருந்து கிளம்புவதில்லை" என்றார்கள். அந்தப் பாதைக்கு உரிய நிலையம் பன்னிரண்டு மைல் தள்ளி. நான் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் மூடியிருந்தது. எந்த நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்பது நாம் அச்செடுக்கும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

நானூறு அட்டைக்கு வந்த அழைப்பு மூன்று. ஆர்டர் ஒன்று.

அந்த ஆற்றாமையில் செய்த இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன விளம்பரப் பலகை ஆறு வாங்கி வெள்ளிக்கிழமை மாலை சிக்னல் ஓரங்களில் குத்தினேன். திங்கட்கிழமை ஒன்றுகூட இல்லை. நகராட்சிக்குப் போன் செய்தால், பிடுங்கியது அவர்கள்தான். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்துண்டு பார்க்க வீட்டுக்காரருடையது போல இருக்கும், ஆனால் அது சாலைக்கு உரிய நிலம். அங்கே விளம்பரம் நடுவது மாநிலச் சட்டப்படியும் தப்பு, அபராதம் உண்டு. வாடிக்கையாளர் வீட்டில் நடும்போதும் நடைபாதைக்கு உள்பக்கமே நடுங்கள். எச்ஓஏ எனும் குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கத்தின் விதியையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். நட்ட பிறகு எடுக்கச் சொன்னால் கெட்டுப்போவது நம் பெயர்தான்.

கடைசியில் விளம்பரம் செய்தது அந்த வாழ்த்துப் பலகையேதான். எழுத்துகளின் ஓரத்தில் ஒரு சிறு அட்டை, அதில் பெயர், போன் எண், கியூஆர் கோடு. வீட்டுக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுவேன். மாலை நடைக்குப் போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். ஆரம்பத்தில் நான் அந்த அட்டையை முழங்கால் உயரத்தில் புல்லுக்குள் வைத்தேன், யாருக்கும் தெரியவில்லை. நடைபாதைப் பக்கம், குனியாமல் போனை நீட்டும் உயரத்தில் மாற்றியதும் அந்த வாரமே இரண்டு பேர் கூப்பிட்டார்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்குச் சாலை கடக்க உதவும் பெரியவரின் பிறந்தநாளுக்கு, பெற்றோர் கேட்டதும் காசில்லாமல் வைத்துக்கொடுத்தேன். ஆயிரம் அட்டைக்குக் கொட்டிய பணத்தில் இப்படிப் பத்து பேருக்கு வைத்திருக்கலாம்.

அப்புறம் தமிழ். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் ஒரு அம்மா, "நம்ம எழுத்துல கிடைக்குமா?" என்று கேட்டார். பெரிய எழுத்தாக வெட்டித் தருகிறோம் என்று ஒரு கடையில் ஒப்புக்கொண்டார்கள். வந்ததைப் பார்த்தால் 'பி'யின் இகரக் குறி தனியே நிற்கிறது, 'து'வின் உகரக் குறி பக்கத்தில் விழுந்து கிடக்கிறது. அவர்கள் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. ஆகவே எழுத்தாக அனுப்பாதீர்கள். நீங்களே சரிபார்த்து, கோட்டுருவமாக (அவுட்லைன்), அதாவது எழுத்தைப் படமாக மாற்றிப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தது. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' மொத்தம் பன்னிரண்டு துண்டுகள், ஆங்கில வாழ்த்தை விட ஒன்று குறைவு. ஆனால் 'நா', 'வா' இரண்டும் அகலம். அவற்றுக்கு ஒரு கம்பி பத்தாது, இரண்டு வேண்டும்.

முதல் தமிழ் வாழ்த்தை ஒரு பாட்டிக்காக வைத்தோம். மதுரையிலிருந்து வந்திருந்தார், எழுபதாவது பிறந்தநாள். கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பியவர் காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை இறக்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். பேத்தி எடுத்த அந்தப் படம் வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போயிருக்கிறது. பத்து நாளில் ஐந்து ஆர்டர். அதில் இரண்டு பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள்.

இப்போது இரண்டாவது தமிழ்த் தொகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் 'ழ்' மட்டும் இரண்டு கேட்டிருக்கிறேன். போன மாதக் காற்றில் முதலில் முறிந்தது அதுதான்.